என் மகளின் ஈரலில் இருந்த புழு

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. மில்லில் சங்கக் கூட்டம் நடந்தால் கடைசியில் தூண் ஓரமாக நிற்கிறவன் நான். படிப்பும் பத்தாவது வரைதான். வசந்திக்கு என்ன நோய், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது கேட்டால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நகர்ந்த பிறகு மனசு கேட்காது. கேட்டவர் வீட்டிலும் ஒரு பிள்ளை காய்ச்சலோடு படுத்திருக்கலாம் அல்லவா? வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது நெல்லித்தோப்பில். வசந்தி மூத்தவள். அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் மாசி மாதத்தில் அவள் உடம்பில் தடிப்புத் தடிப்பாக வந்தது. கொசுக்கடி என்று நினைத்தோம். புதுச்சேரியில் கொசுவுக்கா பஞ்சம்? பிறகு சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. வலது பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டே நடந்தாள். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வேஷம் போடுகிறாளோ என்றுகூட என் மனைவி சரோஜா சந்தேகப்பட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பிறந்து சில வாரமே ஆன ஆண் குழந்தை மடியில் இருந்தது.

தெருக்கோடியில் இருந்த டாக்டர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். விட்டது, மறுபடி வந்தது. ஒரு நாள் காலையில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தவளைப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

காமாலை என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் குடும்பம் ஆடிப்போகும். முந்தைய வருஷம்தான் என் அக்கா அஞ்சலையின் ஒரே மகன் சேகர் அதில் போனான். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் தவளக்குப்பத்தில் பஸ்ஸை விட்டிறங்கி மேற்கே நடக்க வேண்டிய சின்ன ஊர். சேகருக்கும் இதே மாதிரிதான். முதலில் காய்ச்சல், விலாவில் வலி, பிறகு கண்ணில் மஞ்சள், கடைசியில் வயிறு உப்பிப்போயிற்று. கடலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வரும்போது அவன் உயிரோடு இல்லை. லீவு நாட்களில் வசந்தியும் அவனும் ஒன்றாகத்தான் விளையாடுவார்கள். இப்போது இவளும் அவன் போன வழியிலேயே போகிறாளோ என்று நினைத்தேன். சரோஜாவும் அதையேதான் நினைத்தாள். இருவரும் வாய் விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

தகவல் போன அன்றே அக்கா வந்துவிட்டாள். காமாலைக்குக் கொடுக்கிற மருந்தைக் கையோடு கொண்டுவந்து, வெறும் வயிற்றில் மூன்று நாள் கொடுத்தாள். உப்பில்லாமல் பத்தியம் வைத்தோம். மஞ்சள் குறைந்தது. அக்கா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். "இவளயாவது குடுத்தியே" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. பங்குனி பிறந்ததும் மஞ்சள் திரும்பி வந்தது. இந்த முறை உடம்பு வெளுத்து, நெஞ்சு எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

வெளிநோயாளிகள் கூடத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். வசந்தி என் தோளில் தூங்கிவிட்டாள். எங்கள் முறை வந்தபோது நான் எழுந்திருக்கத் தயங்கினேன். பின்னால் இருந்தவர் முந்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் முந்திக்கொண்டார். உள்ளிருந்து எட்டிப் பார்த்த ஒரு இளம் பெண் டாக்டர்தான், "அந்தக் குழந்தைய மொதல்ல கொண்டாங்க" என்று கூப்பிட்டார். அவரை நாங்கள் சின்ன டாக்டரம்மா என்று சொல்லுவோம். அவர் வசந்தியின் வயிற்றை அழுத்தியபோது அவள் துள்ளி எழுந்தாள். ஈரல் வீங்கியிருக்கிறது, சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கீழும் ஒரு அம்மா படுத்திருப்பாள். நான் ஒருவன்தான் ஆண். சரோஜா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வர முடியாது. மில்லில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நான் வந்து உட்கார்ந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கட்டிலில் தெரேஸம்மா இருந்தார். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் மகளுக்குச் சிறுநீரகக் கோளாறில் முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னா முசே, செவுத்துல படமா ஓடுது? நாங்களும் பாக்குறோம், கொஞ்சம் தள்ளுங்க" என்றார் தெரேஸம்மா.

வார்டே சிரித்தது. வசந்தியும் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் முசே ஆகிவிட்டேன். காலையில் வசந்திக்குத் தலை வாரத் தெரியாமல் நான் சீப்போடு போராடுவதைப் பார்த்து ஒரு அம்மா, "பாவம், மில்லுல நூலு சிக்கெடுக்கிற மாதிரி எடுக்கிறாரே" என்று சொல்லிவிட்டு வந்து பின்னிவிட்டாள். மறுநாள் வேறொருத்தி. என் மகளின் தலையை அந்த வார்டில் இருந்த அம்மாக்கள் எல்லாரும் பின்னியிருக்கிறார்கள்.

பரிசோதனைகள் தொடங்கின. ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணு மிக அதிகமாக இருப்பதாகச் சின்ன டாக்டரம்மா சொன்னார். ஈசனோஃபில் என்று அதற்குப் பெயர். உடம்புக்குள் புழு பூச்சி இருந்தாலோ, ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனாலோ அது கூடும். எங்கள் ஊரில் யானைக்கால் நோய் சகஜம். அந்தக் கிருமியாலும் இந்த அணு ஏறும். ஆகவே முதலில் அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு நாக்குப்பூச்சிக்கு மருந்து. இரண்டுக்கும் பலன் இல்லை. காய்ச்சல் நின்றபாடில்லை. தினமும் மலத்தை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சின்ன டப்பாவைக் கையில் மறைத்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடப்பதற்கு எனக்கு எவ்வளவு வெட்கம்! இன்று நினைத்தால், அந்த டப்பாதான் என் மகளைக் காப்பாற்றியது.

ஒரு காலை சின்ன டாக்டரம்மா வேகமாக வந்தார். மலத்தில் ஒரு முட்டை தெரிகிறதாம். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விளங்கவில்லை.

"கொழந்தைக்கு ஆட்டு ஈரல் குடுத்தீங்களா?"

கொடுத்திருந்தேன். ரத்தம் குறைவு என்று சொன்னதால் சரோஜா ஈரலை மிளகு போட்டு வறுத்துத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவாள். வசந்திக்கு அது உயிர். நான் தலையை ஆட்டினேன்.

"அப்போ இது ஆட்டோட முட்டையா, புள்ளையோட முட்டையான்னு தெரியாது. கொஞ்ச நாளைக்கு ஈரலே வேணாம். அப்புறம் பாப்போம்."

அவர் விளக்கியது இது. ஆடு மாடுகளின் ஈரலில் தட்டையாக, இலை போல ஒரு புழு வாழும். அந்த ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டால் அதிலிருக்கும் முட்டை வயிற்றில் தங்காமல் அப்படியே வெளியே போய்விடும். அதனால் நோய் வராது. ஈரல் சாப்பிடாமலிருந்தும் முட்டை வந்துகொண்டே இருந்தால், புழு பிள்ளையின் ஈரலில் குடியிருக்கிறது என்று அர்த்தம். நோயைச் சரியாக இனம் காண்பதில் இது ஒரு சிக்கல். பல இடங்களில் பார்க்கவே மாட்டார்கள், பார்த்தாலும் சாப்பிட்டதன் முட்டை என்று விட்டுவிடுவார்கள் என்றார்.

அந்த நாட்களில் வசந்தி, "ஈரல் குடுப்பா, ஒரே ஒரு துண்டு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "டாக்டரம்மா திட்டுவாங்கம்மா" என்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளை வாய் திறந்து கேட்பதைக் கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது எந்த ஊசியையும்விடக் கொடுமை. அதற்குள் மஞ்சளும் ஏறிக்கொண்டு வந்தது. ஆட்டின் முட்டையாகவே இருக்கட்டும் என்று ஒரு மனசு வேண்டிக்கொள்ளும். அப்படியானால் இவளுக்கு என்னதான் நோய் என்று இன்னொரு மனசு பயப்படும்.

மறுபடி பார்த்தார்கள். முட்டை இருந்தது.

பெரிய டாக்டர் படையோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார். மாணவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இது மனிதர்களுக்கு அபூர்வமாக வருவது என்றார்கள். சின்ன டாக்டரம்மா எனக்குத் தனியாகச் சொன்னார். மாட்டுச் சாணத்தோடு முட்டை தண்ணீருக்குப் போகும். அங்கே குஞ்சு பொரித்து நத்தைக்குள் புகும். நத்தையிலிருந்து வெளியேறித் தண்ணீர் ஓரத்துச் செடிகளின் இலையில், தண்டில் கண்ணுக்குத் தெரியாத கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். அதைப் பச்சையாகத் தின்னும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வரும். பிள்ளை தின்றால் பிள்ளைக்கும் வரும். குடலைத் துளைத்து, ஈரலைத் தின்றுகொண்டே போய்ப் பித்தக் குழாயில் தங்கும். குழாய் அடைத்தால் மஞ்சள். கொஞ்சம் விலகினால் மஞ்சள் குறையும். அடைத்தால் மறுபடியும் ஏறும்.

"பச்சையா என்னா சாப்புட்டா? அல்லித்தண்டு, தாமரைத்தண்டு, கொட்டிக்கிழங்கு, கீரை?"

வசந்தியைக் கேட்டேன். "அத்தை ஏரிப் பக்கமே வுட மாட்டாங்கப்பா. சேகரையும் வுட மாட்டாங்க" என்றாள். சேகர் போய் ஒரு வருஷம் ஆகியும் அவள் அப்படித்தான் பேசுவாள்.

"எதுவும் இல்லிங்க" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் திரும்பத் திரும்ப இல்லை என்றேன். நான் மறைக்கவில்லை. அவர் சாப்பாட்டைக் கேட்டார், நானும் சாப்பாட்டைத்தான் யோசித்தேன்.

எமெட்டின் என்ற ஊசியைத் தொடங்கினார்கள். புழுவைக் கொல்லும், ஆனால் இதயத்தையும் தொட்டுப் பார்க்கும் மருந்து. ஊசி முடியும்வரை பிள்ளை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, ஓடக் கூடாது, அழவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊசி போட்ட இடம் கல்லாக வீங்கும். வாந்தி வரும். அதையெல்லாம் அழாமல் தாங்க ஒரு எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது? காலையும் மாலையும் நர்ஸ் நாடி பிடித்துக் கடிகாரத்தைப் பார்க்கும்போது நான் நர்ஸின் முகத்தைப் பார்ப்பேன். எனக்குக் கதை சொல்ல வராது. தெரேஸம்மாதான் அவர் கணவர் பட்டாளத்தோடு போன சைகோனில் பனிக்கட்டி என்று நினைத்துச் சோப்புக்கட்டியைக் கடித்த கதையைச் சொல்லுவார். தினமும் அதே கதை, தினமும் வேறு ஊர். வசந்தி வலியோடு சிரிப்பாள்.

அப்படி ஒரு காலையில் அக்கா வந்தாள். முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். முந்தானையில் மூடிக்கொண்டு எதையோ பிடித்திருந்தாள். வந்ததும் வசந்தியின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

"எலும்பா பூட்டியேடி என் ராசாத்தி. வெறும் வயித்துலதான இருக்க? அத்தை மருந்து கொண்டாந்திருக்கேன். கண்ண மூடிக்கினு குடிச்சிடு."

முந்தானையை விலக்கினாள். ஒரு பாட்டிலில் கரும்பச்சையாகச் சாறு. டம்ளரில் ஊற்றியும் விட்டாள். நான் வசந்தியின் முதுகைத் தாங்கி நிமிர்த்தினேன். சின்ன டாக்டரம்மா அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் நின்றிருந்தார்.

"அது என்னாம்மா?"

"கரிசலாங்கண்ணி டாக்டரம்மா. மோருல கலக்கியிருக்கேன். ஈரலுக்கு இத வுட்டா மருந்து ஏது? மாசியில நாந்தான் குடுத்து எறக்குனேன்."

"காய்ச்சுனதா?"

"ஐய, காய்ச்சினா சத்து எங்க இருக்கும்? பச்சையா அரைக்கணும்."

"எங்க பறிச்சீங்க?"

"எங்க ஊரு வாய்க்கா ஓரத்துல. ஈரத்துலதான் தளதளன்னு வரும். வருஷா வருஷம் மழ வுட்டதும் புள்ளைங்களுக்குக் குடுத்துடுவேன். காமால அண்டாது. இவளும் மார்கழி லீவுக்கு வந்தா குடிப்பா. எங்க தெருவு புள்ளைங்க அத்தினிக்கும் நாந்தான் அரைச்சிக் குடுப்பேன், கை ராசின்னு வருவாங்க."

டாக்டரம்மா டம்ளரை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தார். "அந்த வாய்க்கால்ல மாடு தண்ணி குடிக்குமா? நத்தை இருக்குமா?"

"மாடு குடிக்காம? நத்தையும் இருக்கும், அது ஒரு பக்கம் கெடக்கும்" என்று சிரித்தாள் அக்கா. யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

டாக்டரம்மா குற்றம் சொல்லவில்லை. அந்தக் கீரை நல்லதுதான், வேக வைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் ஓரத்தில் வளர்ந்ததைப் பச்சையாகக் குடித்ததில்தான் புழு உள்ளே போயிருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கழுவினாலும் அந்தக் கூடு போகாது என்றார். அக்கா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினாள். அவள் என்ன யோசிக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரம்மாவுக்குச் சேகரைப் பற்றித் தெரியாது.

"எம் புள்ளைக்கும் இதான் குடுத்தேன்" என்றாள் அக்கா. "போன வருஷம். மஞ்சளு ஏற ஏற, நானும் இன்னும் இன்னும் குடுத்தேன். அவன் கசக்குதும்மான்னான். வாயப் புடிச்சி ஊத்தினேன்."

தெரேஸம்மா எழுந்து வந்து அக்காவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அவனும் இதுலதான் பூட்டானா டாக்டரம்மா?"

டாக்டரம்மா தரையில் அவளுக்கு எதிரே குந்தினார். "தெரியாதும்மா. காமாலை வர நூறு காரணம் இருக்கு. அவனுக்கு இந்தப் பரிசோதனை யாரும் செய்யல. இனிமே யாராலயும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லிக்காதீங்க." சற்றுப் பொறுத்து, "அந்தச் சாறு குடிச்ச மத்த புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க. வலி, காய்ச்சல், அரிப்பு, சோகை, எது இருந்தாலும் பாக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலம்வரை அக்கா கட்டிலின் கீழே உட்கார்ந்திருந்தாள். வசந்தி மேலேயிருந்து கையை நீட்டி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திட்டில் இருந்த டம்ளரைக் கழுவி வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது.

ஊசிகள் முடிந்தன. காய்ச்சல் நின்றது. மஞ்சள் இறங்கி, இம்முறை திரும்பி ஏறவில்லை. கட்டிலிலிருந்து முதல்முறை இறங்கியபோது வசந்தியின் கால்கள் நடுங்கின. கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறாய் என்று தெரேஸம்மா சொன்னார். அவருடைய மகள் அந்த வார்டிலிருந்து வீடு திரும்பவில்லை. நாங்கள் கிளம்பிய பிறகு ஒரு வாரத்தில் நடந்தது. கருவடிக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைக் கேலி செய்யவில்லை.

வசந்தி வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆளிடம் சொல்லி அனுப்பினாள். ஊரில் தெருப் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும், வீட்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டும், துணைக்கு வா என்று. நான் போய் என்ன பேசப்போகிறேன்? ஆனாலும் போனேன். வயல் வேலை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்த நேரம்.

முதல் வீட்டில் அக்கா எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். மாடு, வாய்க்கால், நத்தை, இலை. அந்த வீட்டுப் பெண் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"போக்கா. நம்ம பாட்டன் பூட்டன் குடிச்ச மருந்து. இப்ப வந்து டாக்டருங்க புழு பூச்சிங்கிறாங்களா? உன் கையால வாங்கிக் குடிச்சிதான் எம் புள்ள நல்லாருக்கான்."

"அவன் மெலிஞ்சிருக்கான்டி. வயித்தப் புடிச்சிக்கிறான்னு நீதான சொன்ன?"

"வெயில்ல ஆடுறான், மெலியாம என்னா? உனக்கு மனசு சரியில்லக்கா. போயி படு."

அக்கா ஒரு அடி கிட்டே போய்ச் சொன்னாள்.

"எம் புள்ள அதுலதான்டி செத்தான். டாக்டரே சொல்லிட்டாங்க. நாந்தான் ஊத்திக் கொன்னேன்."

முறம் நின்றது. அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள், பிறகு உள்ளே திரும்பிப் பையனைக் கூப்பிட்டாள். அவன் வாசலுக்கு வந்தான். அக்கா குனிந்து அவன் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தாள். வெளுத்திருந்தது. "நாளைக்கு மொத பஸ்சு. டப்பாவுல வெளிக்கு எடுத்துக்கோ" என்றாள். மறுநாள் எங்களோடு வந்த பிள்ளைகளில் அவனுக்கும் இன்னொரு பெண் குழந்தைக்கும் அதே முட்டை இருந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

அந்த வாசலை விட்டு இறங்கியதும் நான் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"டாக்டரம்மா அப்பிடிச் சொல்லலியேக்கா. தெரியாதுன்னுதான சொன்னாங்க."

"தெரியாதுன்னு சொன்னா யாரு தம்பி கேப்பா?"

கையை விடுவித்துக்கொண்டு அடுத்த வீட்டுப் படலைத் திறந்தாள். இந்த முறை மாட்டையும் நத்தையையும் பற்றி அவள் பேசவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "எம் புள்ள…" என்று ஆரம்பித்தாள்.